வராத ரயிலுக்கு மணி

மணி அடித்தபோது தண்ணீர்த் தாங்கியின் நிழல் இன்னும் தண்டவாளத்தைக்கூடத் தாண்டவில்லை. அந்தோனிப்பிள்ளை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்த நிழலையே பார்த்தார். அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து பின்னேரக் கொழும்பு ரயில் வரும்போது அந்த நிழல் துணி துவைக்கிற கல்லைத் தொட்டிருக்கும். கல்லுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு எட்டுக் கிடக்கிறது. அதற்குள் ஸ்டேஷனில் டாண் டாண் என்று மணி.

மடைக்குப் பக்கத்தில் கந்தப்பன் குந்தியிருந்தார். மணி அடிப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார் என்பதையும் அந்தோனிப்பிள்ளை கவனித்தார்.

"என்ன மச்சான், மணி கேக்கலியா?" என்றார் கந்தப்பன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

அவர் குனிந்து மடைக்கல்லைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார். தண்ணீர் அவர் வாய்க்காலை விட்டுக் கந்தப்பனின் வாய்க்காலுக்குள் சலசலவென்று இறங்கியது. முறை முடிந்தவன் தன் கையாலேயே கல்லை மாற்றி வைக்க வேண்டும், அடுத்தவன் தொடக்கூடாது. அது வெட்டுவாய் வயலின் சட்டம். அந்தச் சட்டத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் அன்றைக்குக் கல் இரண்டு மடங்கு கனத்தது.

தெமோதரையைத் தாண்டிப் பதுளைக்குப் போகிற பாதையில், மலையைப் பிளந்து ரயிலுக்கு வழி விட்ட இடம் வெட்டுவாய். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஊரும் கிடையாது, வயலும் கிடையாது. மலையை வெட்டியவர்கள் மண்ணைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டினார்கள். பாதை முடிந்ததும் மற்றவர்கள் தோட்டங்களுக்குப் போய்விட, ஆறு குடும்பம் மட்டும் தாங்கள் கொட்டிய மண்ணைத் தட்டுத் தட்டாக நிரவி நெல் போட்டது. இன்றைக்கும் அங்கே கலப்பை இறங்கினால் வெடிவைத்து உடைத்த பாறையின் சில்லு இரண்டாவது தட்டும். நெல் விளைந்தபின் அதைக் குத்த ஒரு மில் வந்தது. மில்லுக்கு வருகிறவர்களை நம்பிச் சில்லறைக் கடை, சலூன், அந்தோனியார் சுரூபம், பிள்ளையார் கோயில் எல்லாம் வந்தன. அப்படித்தான் அது ஊரானது.

வயலுக்குத் தண்ணீர் கொடுத்ததும் ரயில்தான். நீராவி இஞ்சின் தண்ணீர் குடிப்பதற்காக இரும்புக் கால்களின் மேல் பெரிய தாங்கி ஒன்றைக் கட்டி, மேலே ஓடையிலிருந்து குழாய் போட்டிருந்தார்கள். தாங்கி நிரம்பி வழிந்த தண்ணீர் பள்ளத்தில் இறங்கியது. நீராவி இஞ்சின் போய் எவ்வளவோ காலமாயிற்று. தாங்கி இன்னும் வழிந்துகொண்டுதான் இருக்கிறது. ஊரில் அதற்குப் பெயர் இன்றைக்கும் இஞ்சின் தண்ணி.

அந்த இஞ்சின் தண்ணீரை ஆறு வீட்டாரும் பங்கு போட்டுக்கொண்டது ரயிலை வைத்து. ஒருவர் கையிலும் கடிகாரம் இல்லாத காலம். ஒரு ரயில் போனால் ஒருவர் முறை முடிந்தது, அடுத்தவர் முறை தொடங்கியது. பகலில் பதுளையிலிருந்து வருகிற ரயில் கடந்ததும் அந்தோனிப்பிள்ளை வீட்டு முறை. பின்னேரம் கொழும்பிலிருந்து வருகிற ரயில் கடந்ததும் அது முடிந்து கந்தப்பன் வீட்டு முறை, பொழுது சாயும் வரை. மற்றவர்களுக்கு மற்ற ரயில்கள். ரயில் பிந்தினால் யாரும் சண்டை பிடிப்பதில்லை. பிந்தியது ரயில்தானே, ஆள் இல்லையே.

கார்த்திகையில் அடித்த புயல்மழையில் மேலே மண் சரிந்து பாதை அறுந்து போனது. தண்டவாளம் பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. ரயில் நின்றது. மழை இருந்தவரை தண்ணீரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. தை பிறந்ததும் மழை ஓய்ந்தது, வெயில் ஏறியது, நெல்லும் கதிர் விட்டுப் பால் பிடிக்கத் தொடங்கியது. அப்போதுதான் ஆறு வீட்டாரும் மடையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரயில் இல்லை. எவன் முறை எப்போது முடிகிறது?

அந்த நேரத்தில் புத்தி சொன்னவர் அந்தோனிப்பிள்ளைதான். புதிதாக வந்திருந்த ஸ்டேஷன் மாஸ்டர் றில்வானிடம் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

"மாஸ்டர், ரயில் வராட்டியும் பரவாயில்ல. ரயில் வர்ற நேரத்துக்கு அந்த மணிய மட்டும் அடிச்சி விடுங்க. எங்களுக்கு அது போதும்."

வெலிமடைக்காரரான றில்வான் முப்பத்தைந்து வயதுக்காரர். ரயில் இல்லாத ஸ்டேஷனிலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மணி அடிக்கிறதால யாருக்கும் நட்டமில்லையே, அடிக்கிறேன்" என்றார்.

நட்டம் வந்தது. அதுவும் அந்தோனிப்பிள்ளைக்கு மட்டும் வந்தது.

அவர் வயல் எட்டுத் தட்டு. ஆறாம் தட்டுவரை தண்ணீர் எட்டும்போதே மணி அடித்துவிடுகிறது. ஏழாம் தட்டில் சேறு வெடிக்கத் தொடங்கிவிட்டது. எட்டாம் தட்டில் வெடிப்புக்குள் விரலை விடலாம். இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் அந்த இரண்டு தட்டிலும் பால் காய்ந்து கதிரெல்லாம் பதராகிவிடும். அந்த இரண்டு தட்டு நெல்தான் ஆவணி தொடங்கி அடுத்த அறுப்பு வரைக்கும் அவர் வீட்டுச் சோறு.

"மணிய முந்தி அடிக்கிறான்" என்றார் அவர், வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது.

மனைவி றோசாலி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாரு?"

"அந்த மாஸ்டர்தான். கந்தப்பனுக்காக அடிக்கிறான்."

"அந்தப் புள்ள வந்து மூணு மாசம் ஆகல. கந்தப்பன் அண்ணனுக்கு அவர் என்ன மாமனா, மச்சானா?"

"அதத்தான் நானும் பாக்கப் போறேன்."

பார்த்தார். மறுநாள் மத்தியானம் சலூன் வாசலில் உட்கார்ந்து பழைய பேப்பரை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பார்த்தார். கந்தப்பன் கையில் மூடி போட்ட ஓலைக்கூடையோடு வந்து ஸ்டேஷனுக்குள் போனார். திரும்பி வந்தபோது கூடை கையில் லேசாக ஆடியது. அதற்கு அடுத்த நாளும் அதே கூடை. ஒருநாள் கந்தப்பனின் மனைவி மாரியாயியே கொண்டுபோனாள். கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வேறு வந்தாள்.

நமுனுகுலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் வேலை செய்தவர் அந்தோனிப்பிள்ளை. அங்கே சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் வீடு. வயலுக்கு வந்தால் ரயில். கடிகாரம் கட்டிப் பழக்கமே இல்லாதவர் இப்போது மருமகன் விட்டுப்போன கைக்கடிகாரத்தைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டார். பகல் மணி எத்தனைக்கு, பின்னேர மணி எத்தனைக்கு என்று ஒரு கொப்பியில் பத்து நாள் எழுதினார். பத்து நாளும் பகல் மணி ஒன்று பத்து. பத்து நாளும் பின்னேர மணி இரண்டு நாற்பது.

"பாத்தியா றோசாலி, மாட்டிக்கிட்டான்!" கொப்பியை அவள் முன்னால் விரித்துப் போட்டார். "பத்து நாளும் ரெண்டு நாப்பது. ஒரு நிமிசம் முந்தல, ஒரு நிமிசம் பிந்தல. எந்த ரயிலாச்சும் பத்து நாள் ஒரே நேரத்துக்கு வந்து நீ பாத்திருக்கியா? இது ஒண்ணு போதும், பேசி வச்சிக்கிட்டுத்தான் அடிக்கிறாங்கன்னு."

"வராத ரயில் எப்பிடிங்க முந்தும் பிந்தும்?"

"நீ பேசாம இரு. ஒனக்கு வெளங்காது."

அவர் அன்றைக்கே உட்கார்ந்து மேலதிகாரிக்கு ஒரு முறைப்பாடு எழுதினார். கன்னியாஸ்திரிகள் பிரம்பை வைத்துப் பழக்கிய எழுத்து. ஒவ்வொன்றும் கோட்டில் குந்திய குருவி மாதிரி இருக்கும். ஒன்று, மணி முந்தி அடிக்கப்படுகிறது, தாங்கியின் நிழலே அதற்குச் சாட்சி. இரண்டு, பத்து நாளும் ஒரே நேரத்தில் அடிக்கப்படுவதால் இது திட்டமிட்டது. மூன்று, குறிப்பிட்ட ஒரு நபர் மூடிய கூடையுடன் ஸ்டேஷனுக்குப் போய் வருகிறார். ஆகவே மேற்படி ஸ்டேஷன் மாஸ்டரை இடம் மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ஸ்டேஷன் சுவரில் தொங்குகிற முறைப்பாட்டுப் பெட்டியில் போட்டார். அந்தப் பெட்டியின் பூட்டுத் திறப்பு மேலதிகாரியிடம் இருந்தது. அவர் மாதம் ஒருமுறை ரயிலில் வந்து திறப்பார். ரயில் நின்றதிலிருந்து அவரும் வரவில்லை என்பது போட்ட பிறகுதான் அந்தோனிப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது.

கடிதம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும் என்று விட்டுவிட்டார். எட்டாம் தட்டு காய்ந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் ஒரு கதிரைப் பறித்து நெல்மணியை நகத்தால் நசுக்கிப் பார்த்தார். பால் வரவில்லை. காற்றுத்தான் வந்தது. அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனார்.

றில்வான் மேசைக்குப் பின்னால் இருந்தார். சுவரோரம் அதே ஓலைக்கூடை, மூடி திறந்து. அதிலிருந்து வல்லாரைக் கீரை எட்டிப் பார்த்தது.

"வாங்க ஐயா, உக்காருங்க."

"உக்கார வரல மாஸ்டர். நேரா கேக்குறேன். கொழும்பு ரயில் மணிய எந்த நேரத்துக்கு அடிக்கிறீங்க?"

"ரெண்டு நாப்பதுக்கு."

"ஒத்துக்கிறீங்க?"

"ஒத்துக்காம? அதுதானே நேரம்." றில்வான் எழுந்து சுவரிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைத் தொட்டுக் காட்டினார். உள்ளே அச்சடித்த நேர அட்டவணை. கொழும்பு ரயிலுக்கு நேராக இரண்டு நாற்பது என்றுதான் இருந்தது. "ரயில் வர்ற நேரத்துக்கு அடிக்கச் சொன்னது நீங்கதானே? ஒரு நிமிசம்கூட நான் பிசகல."

அந்தோனிப்பிள்ளை கண்ணாடியில் மூக்கு முட்டுமளவு குனிந்து பார்த்தார். அவர் பிறந்து வளர்ந்த ஊர். அவர் வாழ்நாள் முழுக்க அந்தச் சட்டத்துக்கு முன்னால் போய் வந்திருக்கிறார். ஒருநாளும் வாசித்ததில்லை. எதற்கு வாசிக்க வேண்டும், ரயில்தான் கூவிக்கொண்டு வருமே.

"இது பொய்" என்றார். "கொழும்பு ரயில் ரெண்டு நாப்பதுக்கு வந்ததே கெடையாது."

"வந்ததில்லதான்." றில்வான் அலுமாரியிலிருந்து ஒரு தடித்த பதிவுப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். ரயில் உண்மையில் வந்து சேர்ந்த நேரத்தை நாள் தவறாமல் எழுதுகிற புத்தகம். "பாருங்க. மூணு அம்பத்தஞ்சி. நாலு அஞ்சி. நாலு மணி. நாலு இருவது. பதுளையில இருந்து வர்றது பக்கத்து எடம், அது நேரத்துக்கு வந்துரும். கொழும்புல இருந்து வர்றது மல ஏறி, வளஞ்சி, எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு வரணுமே."

அந்தோனிப்பிள்ளை உட்காரமாட்டேன் என்றவர் உட்கார்ந்தார்.

அட்டவணைப்படி அவர் முறை ஒன்றரை மணி நேரம். ரயிலின்படி மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மீதியெல்லாம் பிந்தி வந்த ரயில் போட்ட பிச்சை. அப்போதுதான் அவருக்கு ஆறாம் தட்டின் வரம்பு ஞாபகம் வந்தது. மற்ற வரம்பெல்லாம் மண். அது மட்டும் கல் வைத்துக் கட்டியது. தாத்தா காலத்தில் நெல் அந்தக் கல்வரம்போடு முடிந்தது, அதற்குக் கீழே தண்ணீர் அதிகம் கேட்காத குரக்கன் மட்டும். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் நேரத்துக்கு வந்திருக்கும், தண்ணீர் ஆறு தட்டுக்குத்தான் எட்டியிருக்கும். பிறகு ரயில் பிந்தப் பிந்த அப்பா ஏழாம் தட்டில் நெல் போட்டார். இன்னும் பிந்த எட்டாம் தட்டிலும் போட்டார். கடவுள் கண் திறந்தார் என்று அப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"அப்ப மாஸ்டர்," என்று குரலைத் தணித்துக்கொண்டார், "நீங்க நாலு மணிக்கு அடிக்கலாமே?"

றில்வான் பதிவுப் புத்தகத்தை மூடினார். "ஐயா, வராத ரயிலுக்கு மணி அடிக்கிறதே ஒரு வேல. வராத ரயில் பிந்தி வருதுன்னு எப்பிடி அடிக்கிறது? நீங்க ஆறு பேரும் சேந்து வந்து சொல்லுங்க, அடிக்கிறேன். தனிய ஒருத்தர் சொன்னா, நாளைக்கி மத்தவர் என்னயத்தானே சந்தேகப்படுவாரு."

அந்தோனிப்பிள்ளையின் காது சூடானது. எழுந்து வாசல்வரை போனவர் நின்றார்.

"அந்தப் பெட்டியில... நான் ஒரு கடிதம் போட்டேன்."

றில்வான் வெளியே வந்து முறைப்பாட்டுப் பெட்டியை ஆணியிலிருந்து கழற்றி அவரிடம் நீட்டினார். பெட்டிக்கு அடியே இல்லை. துரு தின்று முடித்திருந்தது. "நான் வரும்போதே இப்பிடித்தான். போடுறதெல்லாம் கீழ விழும். எடுத்து மேசையில வச்சிக்கிறேன், பெரியவர் வந்தா குடுக்க." இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தார்.

"படிச்சீங்களா?"

"எனக்கு எழுதினது இல்லையே."

வெளியே வந்ததும் அந்தோனிப்பிள்ளை உறையைத் திருப்பிப் பார்த்தார். சோற்றுப் பருக்கையால் ஒட்டிய இடம் ஒட்டியபடிதான் இருந்தது. ஆனால் ஒரு மூலை கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. அது முதலிலேயே அப்படியா, இல்லை யாராவது தூக்கிப் பார்த்தார்களா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு மணி இரண்டு நாற்பதுக்குத்தான் அடித்தது. கல்லை மாற்றி வைத்துவிட்டு அவர் கந்தப்பனைப் பார்த்தார்.

"மச்சான், ரயில் வர்ற நேரம் வேற, புத்தகத்துல உள்ள நேரம் வேற. ஒனக்குத் தெரியுமா?"

கந்தப்பன் வெற்றிலையைத் துப்பினார். "மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நீ கேக்கலியே. நீதான எங்களயெல்லாம் கூட்டிக்கிட்டுப் போயி அடிக்கச் சொன்ன? நான் வாயத் தெறந்தேனா?"

"அப்ப அந்தக் கூட?"

"கீர. பலாக்கொட்ட. ஒருநாள் முட்ட." கந்தப்பன் கொஞ்சமும் கூசவில்லை. "லஞ்சம்னு நெனச்சியோ? ஆமா, லஞ்சந்தான். நேரத்துக்கு அடிங்க மாஸ்டர், யாரு சொன்னாலும் நேரத்துக்கு அடிங்கன்னு குடுத்தேன். அதுல என்ன குத்தம்?"

"என் எட்டாந்தட்டு காயுது மச்சான்."

"என் வயலு எங்கப்பன் காலத்துல இருந்து காயுது. ஒன் வீட்டு ரயிலு பிந்தினதெல்லாம் எவன் தண்ணி? எங்க தண்ணி. நீங்க ஒரு நாளாச்சும் அத நெனச்சிப் பாத்தீங்களா?"

அந்தோனிப்பிள்ளை குனிந்து மண்வெட்டியைக் கழுவினார். ஆறு பேரையும் சேர்த்துக்கொண்டு போக முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் பகல் மணி அடித்ததும் அவர் வேறு வேலை செய்தார். ஏழாம் தட்டுக்கும் எட்டாம் தட்டுக்கும் நடுவில் இருந்த வரம்பின் வாயை மண்போட்டு அடைத்தார். இருக்கிற தண்ணீர் ஏழோடு நிற்கட்டும். மண்ணை மிதித்து இறுக்கும்போது றோசாலி மேல் வரம்பில் வந்து நின்றாள்.

"எட்டாந்தட்ட விட்டுட்டீங்களா?"

"மாட்டுக்கு வைக்கோலாச்சும் ஆகும்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இறங்கி வந்து பக்கத்தில் நின்று மிதித்தாள்.

இது நடந்து ஐந்தாம் நாள், பாதை சரியாகிவிட்டது, கொழும்பு ரயில் வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. இனி மணி வேண்டாம், ரயிலே வரும் என்று றில்வான் சொல்லி அனுப்பினார். அன்று பகல் ரயில் கடந்ததும் அந்தோனிப்பிள்ளை மடையைத் திருப்பிவிட்டு மடைக்கல்லின் மேலேயே உட்கார்ந்தார். கந்தப்பன் இரண்டரைக்கே வந்துவிட்டார்.

இரண்டு நாற்பது ஆனது. ரயில் வரவில்லை. மூன்றரை ஆனது. புதுப் பாதையில் ரயில் ஊர்ந்துதான் வர வேண்டுமாம், சரிந்த இடங்களில் ஆள் இறங்கிப் பார்த்துப் பார்த்து விடுகிறார்களாம் என்று சலூன்காரர் மேலே இருந்து கத்திச் சொன்னார். தாங்கியின் நிழல் துவைகல்லைத் தொட்டது. கல்லைத் தாண்டியது. அதற்கப்பால் பலாமரத்து அடியில் ஏறியது. ஏழாம் தட்டு நிரம்பித் தளதளத்தது. அந்தோனிப்பிள்ளை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், தான் அடைத்த வாயைத் தானே வெட்டிவிட்டார். எட்டாம் தட்டின் வெடிப்புகளுக்குள் தண்ணீர் சுர்ரென்று இறங்கியது. பாதிக் கதிர் போய்விட்டது, பாதி பிழைக்கும்.

ஐந்தரைக்கு ரயில் கூவியது. பொழுது சாய அரை மணிதான் மீதி.

அந்தோனிப்பிள்ளை எழுந்து, சட்டப்படி, தன் கையால் கல்லை மாற்றி வைத்தார். கந்தப்பன் தண்ணீரைப் பார்க்கவில்லை. மலை வெட்டின் வாயிலிருந்து ஆமை மாதிரி வெளியே வருகிற ரயிலைப் பார்த்தார். பிறகு அந்தோனிப்பிள்ளையைப் பார்த்தார்.

"மச்சான், போன கெழம நீ ஸ்டேஷனுக்குப் போனியே, எதுக்கு?"

"ஒரு கடிதம் எடுக்க."

"என்ன கடிதம்?"

"சும்மா, பழைய கடிதம்."

"யாருக்கு எழுதினது?"

அந்தோனிப்பிள்ளை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பில் ஏறினார். ரயில்காரனுக்கு எழுதினேன், கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லி என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கந்தப்பன் நம்பியிருப்பார்.

மறுநாள் அவர் மடைக்கு வந்தபோது கந்தப்பன் முன்னமே குந்தியிருந்தார். மடியில் ஒரு கொப்பி. கையில் புதுக் கடிகாரம்.